ஆமணக்கெண்ணெயும் யந்திர மசகும்

யந்திரங்களுக்கு இடும் மசகெண்ணெய் பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயே. சிந்தினால் அது மண்ணிலும் நீரிலும் நெடுநாள் தங்கித் தீங்கு விளைக்கும். தாவர எண்ணெயோ நுண்ணுயிர்களால் விரைவில் சிதைந்துவிடும்.

ஆமணக்கெண்ணெயின் கொழுப்பமிலங்களில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலியிக் அமிலமாகும். இது உலோகத்தைப் பற்றி மெல்லிய படலமாக நிற்பதால் தேய்மானம் குறைகிறது. 1914-18 உலகப் போரில் சுழல் எஞ்சின் விமானங்களுக்கு இவ்வெண்ணெயே மசகாயிற்று.

ஆயினும் தாவர எண்ணெய்களுக்குக் குறையொன்றுண்டு. அவற்றின் இரட்டைப் பிணைப்புகள் வெப்பத்தில் பிராணவாயுவை ஏற்றுப் பிசினாகும். ஆகவே சோயா போன்ற எண்ணெய்களில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அசெட்டிக் அமிலமும் சேர்த்து அப்பிணைப்புகளை எபாக்சி வளையங்களாக மாற்றுகின்றனர். கந்தகம் சேர்ப்பது மற்றொரு முறை. அது பேரழுத்தத்திலும் பற்சக்கரங்களைக் காக்கும். ஆனால், பித்தளை உறுப்புகளைக் கறுக்கச் செய்யவும் கூடும். இவ்வாறு ஆக்கிய பொருளை மசகெண்ணெயில் சிறிதளவு கலப்பார்கள்.

பெராக்சைடு வேலை கடும் வெப்பம் கக்குவது; தேர்ந்தவர் மேற்பார்வையில் ஆலையில் மட்டுமே செய்யத்தக்கது. பச்சை ஆமணக்கெண்ணெய் கனிம எண்ணெயில் எளிதில் கலவாது. ஆகையால் நெசவாளர் அதைத் தறி எண்ணெயில் ஊற்றலாகாது.

நம் கையிலுள்ளது விதையின் தரமே. ஈர விதையில் தனி அமிலம் மிகும்; அத்தகைய எண்ணெய் உலோகத்தை அரிக்கும். விதையை நன்கு உலர்த்திச் சேமித்துச் சங்கத்தின் வழியே விற்போமாக.