சங்கத்தார் என்பதா, சங்கத்தோம் என்பதா?

நமது நெசவாளர் தெருக்களில் மாலை வேளையில் திண்ணைப் பேச்சைச் செவிமடுத்தவர்கள் இச்சொற்களைக் கேளாதிருக்க முடியாது. “சங்கத்தில் நூல் கொடுக்கவில்லை” என்பார் ஒருவர். “சங்கத்தார் கூலியை உயர்த்த மாட்டார்கள்” என்பார் மற்றொருவர். உழவர் ஊர்களிலோ, “பயிர்க்கடனை வசூலிக்கச் சங்கத்துக்காரர்கள் வந்துவிட்டார்கள்” என்ற பேச்சு. இவ்வாறு கூறுவோர் அயலார் அல்லர். பங்குத் தொகை செலுத்தி அங்கத்தினராகப் பதிவு பெற்றவர்களே. தம்முடைய சங்கத்தைப் படர்க்கையில் வைத்துப் பேசுகின்றனர் என்பதை அவர்களும் உணர்வதில்லை, கேட்போரும் உணர்வதில்லை.

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரு சொற்கள் உள. கேட்பவனையும் உள்ளடக்குவது ‘நாம்’. அவனை வெளியே நிறுத்துவது ‘நாங்கள்’. ஆங்கிலம் முதலிய மொழிகளில் இவ்வேறுபாட்டைக் காட்டத் தனிச்சொல் இல்லை. பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகி ஒருவர் எழுந்து, “நாங்கள் இவ்வாறு முடிவு செய்திருக்கிறோம்” என்று கூறுவாரானால், எதிரே பாயில் அமர்ந்திருக்கும் அங்கத்தினர் தாம் எப்பக்கத்தவர் என்பதை அந்த ஒரு சொல்லிலேயே அறிந்துகொள்வார். திண்ணையில் எழும் படர்க்கைப் பேச்சுக்கு அங்கத்தினரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது.

நம் முன்னோர் இவ்வாறு பேசவில்லை. சோழர் காலக் கல்வெட்டுக்களில் வேளாண் ஊரினர் தம்மை ‘ஊரோம்’ என்றும், வணிக ஊரினர் ‘நகரத்தோம்’ என்றும், பல ஊர்கள் சேர்ந்த நாட்டினர் ‘நாட்டோம்’ என்றும், பிரமதேயத்தார் ‘சபையோம்’ என்றும் கூறிக்கொள்வதைக் காண்கிறோம். ‘ஓம்’ என்னும் அவ்விறுதி சிறிதே. ஆயினும் அது பொறுப்பைச் சுமக்கிறது. நிலம் விற்றாலும், பொன் பெற்றாலும், விளக்கெரிக்க ஒப்புக்கொண்டாலும், செய்தவர் எவர் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை.

இவற்றுள் நம் சங்கத்தினர் ஊன்றி நோக்கத்தக்கது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் அவ்வூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் முறையை வகுத்தனர். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முப்பத்தைந்து வயதுக்கு மேலும் எழுபதுக்கு உள்ளும் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும் என்பன போன்ற விதிகள் பலரும் அறிந்தவையே. அதிகம் பேசப்படாதது வேறொன்று. முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்திலிடக் கூடாது என்றதோடு அவர்கள் நிற்கவில்லை. அவனுடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மருமகன், மனைவியின் உடன்பிறந்தார் என உறவு முறைகளை எண்ணி எண்ணி அவ்வளவு பேரையும் விலக்கினர். உறவு கணக்கை மறைக்கும் என்பதை அவர்கள் பட்டறிந்திருக்க வேண்டும். இற்றை நாளில் இவ்விதியை நடைமுறைப்படுத்தினால் சில சங்கங்களில் குடத்திற்குள் எத்தனை ஓலை மிஞ்சும் என்பதை நேயர்களின் கற்பனைக்கே விடுகிறோம்!

அச்சபை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. நிலமுடைய அந்தண ஆடவர்க்கே அது உரியது. அவ்வூரில் தறி நெய்தவனுக்கு அக்குடத்தில் இடமில்லை. எனினும் தறி நெய்தவர்க்கும் பிறவிடங்களில் தம் அமைப்பு இருந்தது. மராட்டிய நாட்டு நாசிக் குகையொன்றில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. நகபானனின் மருமகன் உசவதாதன் துறவிகளுக்கென 3,000 கார்ஷாபணத்தைக் கோவர்த்தன நகரில் நெசவாளர் குழுக்கள் இரண்டில் வைப்பாக இட்டான். 2,000-க்கு மாதம் நூற்றுக்கு 1 வட்டி; 1,000-க்கு முக்கால். முதல் தொகைக்கு ஆண்டு வட்டி 240. அது துறவி ஒருவர்க்கு 12 வீதம் இருபதின்மர்க்கு ஆடைச் செலவு. கணக்கு ஒரு காசும் பிசகாமல் நிற்கிறது. முதலைத் திருப்பித் தர வேண்டுவதில்லை, வட்டியே நுகரத்தக்கது. அரச குடும்பத்தான் ஒருவன் தன் அறத்தைத் தறிக்காரர் கையில் ஒப்படைத்தான் என்றால் அவர்கள் நம்பிக்கை எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்! அக்கல்வெட்டு அவர்களைக் கோலிகர் என்கிறது. நம் தமிழ் அகராதியிலும் கோலிகன் என்றால் நெய்பவன் என்றே பொருள்.

அக்குழுக்களும் குலத்தொழிலால் அமைந்தவை. பிறப்பால் வரும் உறவுக்கு நம்மிடம் சொற்களுக்குக் குறைவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர் என்பதே சகோதரர் என்ற வடசொல்லின் பொருள். உடன்பிறந்தார் என்பதும் அதுவே. பங்காளி என்ற சொல்லோ சொத்தில் பங்குடைய தாயாதியைக் குறித்து, வழக்கிலும் வரப்புச் சண்டையிலும் முடிகிறது. பங்குதாரர் என்ற சொல் இதற்கு அண்டை வீடு போலத் தோன்றினும் வேறு. அவர் பங்கைப் பிறப்பால் பெறவில்லை. பணம் செலுத்திப் பெற்றார். எக்குலத்தினராயினும் பெறலாம்.

இப்புதிய உறவுக்கு நம் நாட்டில் சட்டம் வந்தது 1904-இல். அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராம நாணயச் சங்கம் தோன்றியது. அக்காலத்துக் கிராமச் சங்கங்கள் வரையற்ற பொறுப்புடையவை: சங்கம் நொடித்தால் ஒவ்வோர் அங்கத்தினரின் உடைமையும் கடனுக்கு ஈடு. அண்டை வீட்டுக்காரன் எதற்குக் கடன் வாங்குகிறான், மாடு வாங்கவா, மணவிருந்துக்கா என்று விசாரிக்காதவன் தன் நிலத்தையே பணயம் வைத்தவனாவான். அவற்றிற்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயரிட்ட பெரியவர் யாராயினும் மொழி நுட்பம் அறிந்தவரே. நாணயம் என்பது காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். ஊழியர்களின் சிக்கன நாணயச் சங்கங்களில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

இவ்வளவும் எழுதிய பின், நம் சங்கங்களின் தீர்மானப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினோம். நூல் கொள்முதலாயினும் தள்ளுபடி விற்பனையாயினும் ஒவ்வொரு பொருளும் “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது” என்றே முடிகிறது. உத்தரமேரூர்ச் சபையார் கல்லில் “வியவஸ்தை செய்தோம்” என்று பொறித்தனர். நம் புத்தகத்தில் தீர்மானித்தவர் எவர் என்பதற்கு அவ்வரியில் விடையில்லை. கீழே கையொப்பங்கள் மட்டும் இருக்கின்றன.