வகுப்பும் பொது மாறிகளும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலை நம்மவர் பலர் பெங்களூரிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் மேற்கொண்டிருக்கின்றனர். அத்தொழிலின் அடிப்படை நுட்பம் ஒன்றை இங்கே ஆராய்வோம்.

தரவுகளையும் அவற்றின்மீது நிகழும் செயல்களையும் ஒருங்கே கட்டிவைக்கும் அமைப்புக்குக் கிளாஸ், அதாவது வகுப்பு, என்று பெயர். நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில் ஓலே-யோகான் டால், கிரிஸ்டன் நைகார்டு என்னும் அறிஞர் இருவர், சிமுலா 67 என்னும் மொழியில் இக்கருத்தை வகுத்தளித்தனர். வகுப்பு ஒரு வரைபடம். அதனைக் கொண்டு ஆக்கப்படுவது ஆப்ஜெக்ட் என்னும் பொருள்.

சேமிப்புக் கணக்கை ஒரு வகுப்பு எனக் கொள்வோம். பணம் இடுதல் ஒரு செயல்முறை; எடுத்தல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இருப்புத்தொகை பொதுவாதல் வேண்டும். அதனை எங்கே வைப்பது?

இடுதல் என்னும் செயல்முறைக்குள் 'இருப்பு' எனச் சாதாரண மாறி ஒன்றைப் படைத்தோமாயின், அச்செயல்முறை முடிந்தவுடன் அதுவும் மறைந்துவிடும். 500 ரூபாய் இட்டபின் எடுக்கச் சென்றால், அங்கே அப்பெயரே இராது. பைதான் மொழியில் இதற்கு வழி, செல்ஃப் என்னும் சொல்லை முன்வைத்து, ஒரு புள்ளியிட்டு, மாறியின் பெயரை எழுதுவதாகும். செல்ஃப் என்பது 'இந்தப் பொருள்' எனச் சுட்டுவது. அவ்வாறு எழுதிய இருப்பு பொருளுக்கே உரியதாகி, பொருள் உள்ளவரை நிலைக்கும். அதன் செயல்முறைகள் அனைத்தும் அதனைக் காணலாம், மாற்றலாம். ஜாவா மொழியில் திஸ் என்பது இப்பணியைச் செய்கிறது.

பகிர்தலுக்கும் அளவு உண்டு. வரவு செலவுப் பட்டியலைப் பொருளில் வைக்காது, செயல்முறைகளுக்கு வெளியே வகுப்பிலேயே வைத்துவிட்டால், எல்லாக் கணக்குகளுக்கும் பட்டியல் ஒன்றாகிவிடும். மும்பையில் ஒருவர் இட்ட தொகை, கொல்கத்தாவில் இருப்பவர் கணக்கிலும் தோன்றும். நிரலோ தடையின்றி ஓடும். பிழை உடனே புலப்படாது. ஊருக்கு அனுப்பச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணமாயின், விளைவு சிறிதன்று. வட்டி விகிதம் போன்று யாவர்க்கும் பொதுவானதே அவ்விடத்திற்கு ஏற்றது.

ஆகவே, மாறி ஒன்றை எழுதுமுன் நாம் வினவ வேண்டியது இதுவே: இது ஒரு செயலுக்கு மட்டும் உரியதா, ஒரு பொருளுக்கு உரியதா, வகுப்பு முழுமைக்கும் உரியதா? விடைக்கேற்ற இடத்தில் அதனை வைத்தால், அவரவர் கணக்கு அவரவரிடமே நிற்கும்.