சரிவில் இறங்கும் நீரும் குளிரும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச்சாலையில் இருக்கிறது அரவேணு. நீலகிரியின் கிழக்குச் சரிவு என்பதால் இங்கே தோட்ட வேலைகளுக்குத் தனிக் கணக்கு உண்டு. கூடலூர், அவலாஞ்சிப் பக்கத்தை நனைப்பது ஆடி மாதத்துத் தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் நம்பியிருப்பதும் அஞ்சுவதும் ஐப்பசி, கார்த்திகை மழையை. அது ஓய்ந்து வானம் வெளுத்ததும் பனிக்காலம் தொடங்கிவிடும். ஆகவே தேயிலை, காய்கறி, பூ என எதை வளர்ப்பவரும் புரட்டாசியிலிருந்தே மழைக்கும் பனிக்கும் சேர்த்துத் தயாராக வேண்டும்.

மலைத்தோட்டத்தில் மேலே இருப்பதெல்லாம் கீழே இறங்கும். மழைநீர் இறங்கும், அதோடு மண் இறங்கும், பனிக்காலத்தில் குளிர்காற்றும் இறங்கும். இந்த இறக்கத்தை நெறிப்படுத்துவதுதான் இந்த மாதங்களின் வேலை.

முதலில் கால்வாய்

தேயிலைச் சரிவுகளில் சம உயரத்தில் குறுக்கே குழிக்கால்வாய் வெட்டுவார்கள். ஒரே நீளமாக வெட்டாமல் விட்டு விட்டு வெட்டி, மேல் வரிசையில் இடைவெளி உள்ள இடத்துக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வரும்படி அமைப்பார்கள். ஒரு குழிக்குத் தப்பிய நீர் அடுத்ததில் விழும். அங்கே வேகம் இழந்து மண்ணுக்குள் ஊறும். கூடவே வந்த வண்டல் குழியின் அடியில் படியும்.

கவனிக்காமல் விட்டால் குழி தூர்ந்து, இருந்தும் இல்லாததாகிவிடும். மழைக்கு முன்பே வண்டலை அள்ளிச் செடிகளின் அடியில் போட வேண்டும். இலைச்சருகு மட்கிய அந்த மண், மேலிருந்த செடிகள் இழந்த சத்து. மிகுதி நீரைக் கொண்டுபோகும் வடிகாலில் அடைப்பை நீக்கலாம். அதன் கரையிலுள்ள புல்லைச் செதுக்கக் கூடாது. கரையைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்லின் வேர்தான்.

இந்த வேலை எவ்வளவு முக்கியம் என்பதை 2009 நவம்பர் காட்டியது. கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மாவட்டம் முழுக்க மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அத்தகைய மழையைத் தோட்டத்துக் குழிகள் மட்டும் தடுத்துவிட முடியாது. ஆனால் வழக்கமான மழையிலேயே வழி தெரியாமல் தேங்கும் நீர்தான் சரிவை உள்ளுக்குள் இளக்கிக்கொண்டு வருகிறது.

காய்கறித் தோட்டத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். உருளைக்கிழங்குக்கு மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால் ஒவ்வொரு பார்க்காலும் ஓடையாகும். குறுக்கே பிடித்தால் அதுவே அணையாகும். இறங்கும் மண் தனியாகவும் இறங்காது. கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. குண்டூசித் தலையைவிடச் சிறிய அதன் கூடுகள் நூற்றுக்கணக்கான முட்டைகளோடு பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். மழையில் கரைந்த மேல்தோட்டத்து மண்ணோடும், மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிய சேற்றோடும் அவை அடுத்த தோட்டத்துக்குப் போய்ச் சேரும். கருவிகளைக் கழுவி வைப்பதும் அறுவடையில் விடுபட்ட கிழங்கைப் பொறுக்கி எடுப்பதும் அதனால்தான் கட்டாய வேலைகள்.

பசுமைக்குடிலில்

கொய்மலர் வளர்க்கும் பாலித்தீன் குடில்களில் மழைக்கு முன் கூரையைக் கழுவி, படிந்த பாசியை நீக்க வேண்டும். மேகமூட்ட நாட்களில் கிடைக்கும் கொஞ்ச வெளிச்சமும் வீணாகக் கூடாது. குளிர் என்று நாள் முழுக்க மூடி வைத்தால் ஈரம் தேங்கிப் பூக்களில் சாம்பல் பூஞ்சை வரும். பகலில் திறந்து மாலையில் மூடுவதே நல்லது. தரையிலிருந்து எழும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி தடுத்து வைக்கும். சாதாரண பாலித்தீன் அவற்றில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். எனவே குடில் இருந்தாலும் பனி இரவுகளில் கவனம் வேண்டும்.

பிறகு பனி

மேகம் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலமும் இலையும் தம் வெப்பத்தை வானத்துக்கு இழக்கும். இலையைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தோட்டம் தப்பிய இரவிலும் ஓடைக்கரைத் தோட்டம் கருகுவது இதனால்தான். சரிவின் அடியில் அடர்ந்த வேலி இருந்தால் அது குளிருக்கு அணை. அதில் இடைவெளி விட்டால் குளிர்காற்று கீழே போய்விடும்.

உறைபனி இலையின் விளிம்பில் முதலில் வெள்ளையாகப் பூக்கும். இலைக்குள்ளும் பனிக்கட்டி உருவாகும்போது அது செல்களிலிருந்து நீரை உறிஞ்சிவிடுகிறது. அந்த இலைதான் வெயில் ஏறியதும் கருகிப்போகிறது.

ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்துக்கு முன் ‘கோத்தகிரி மிலார்’ என்னும் செடியைக் கொண்டுவந்து மலர்ச்செடிகளுக்கு மறைப்பு அமைக்கிறார்கள். கிளைகளைச் செடிக்குப் பக்கத்தில் ஊன்றி, நுனிகள் மேலே கவியும்படி விடுவார்கள். செடி வானத்துக்கு இழக்கும் வெப்பத்தை அந்தக் கவிப்பு மறிக்கும்; பகலில் வெளிச்சமும் காற்றும் உள்ளே போகும். தேயிலை நாற்றுகளுக்கும் இளஞ்செடிகளுக்கும் இதே முறையில் தழை போர்த்தலாம்.

இன்னொரு காவல் தண்ணீர். ஈரமான மண் பகல் வெப்பத்தை அதிகம் சேர்த்து வைத்து இரவில் மெல்ல விடும். அதனால் பனிக்காலத்தில் மண்ணை உலர விடக் கூடாது. விடிந்ததும், வெயில் படும் முன்பே தண்ணீர் தெளித்து இலையிலுள்ள பனியைக் கரைப்பதும் வழக்கம். ஐப்பசியில் குழிகளில் நின்று மண்ணுக்குள் ஊறிய நீர் மார்கழி இரவுக்கும் உதவுகிறது.

சரிவில் எந்தத் தோட்டமும் தனித் தோட்டம் அல்ல. என் கால்வாய் தூர்ந்தால் மண் விழுவது கீழ்த்தோட்டத்தில். கீழ்த்தோட்டத்து வேலி அடர்ந்தால் குளிர் தேங்குவது என் செடிகளில். ஆகவே மேல்தோட்டக்காரரும் கீழ்த்தோட்டக்காரரும் புரட்டாசியிலேயே சேர்ந்து நடந்து, நீர் எங்கே இறங்குகிறது, குளிர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். மண்வெட்டியை எடுப்பது அதற்குப் பிறகுதான்.