நினைவைப் பதிக்கும் நீலப்புள்ளி

பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியில் அமைந்த சிற்றூர் ஆடலூர். காப்பித் தோட்டங்களும் மிளகுக் கொடி படர்ந்த மரங்களும் நிறைந்த அவ்வூர்ப் பக்கம் காட்டு யானைகள் வந்து போவதுண்டு. அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் மாலை வேளையில் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் நடந்து செல்வதாகக் கொள்வோம். ஒரு திருப்பத்தில் எதிரே யானை நிற்கிறது! நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அவன் ஓசைபடாமல் பின்வாங்கி வீடு வந்து சேர்கிறான். ஆண்டுகள் பல கழிந்தாலும் அந்தத் திருப்பமும், அங்கே ஒடிந்து கிடந்த கிளையும் அவன் நினைவை விட்டு அகலா. ஆனால், அன்று காலை அதே பாதையில் கண்டவை எவை என்று கேட்டால், விடை கூற இயலாது விழிப்பான். பாதை ஒன்றே, மூளையும் ஒன்றே. பின்னர் ஒன்று நிலைத்ததும் மற்றொன்று மறைந்ததும் ஏன்?

இவ்வினாவிற்கு விடை மூளையின் அடித்தண்டில் உள்ளது. அங்கே இருபுறமும் நரம்பணுக்களாலான இரு சிறு திரள்கள் உள்ளன. அவை நீலம் படர்ந்து தோன்றுவதால், 'நீல இடம்' எனப் பொருள்படும் 'லோக்கஸ் சிருலியஸ்' என்னும் இலத்தீன் பெயரைப் பெற்றன. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அவற்றுள் இந்நீலப்புள்ளிக்கு உரியவை சில பத்தாயிரங்களே. எனினும், ஓர் ஊற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் போல, இவற்றின் இழைகள் மூளையின் பெரும்பகுதிக்கும் பரவியுள்ளன.

இவ்விழைகளின் முனைகளில் சுரக்கும் பொருளே நார் அட்ரினலின். நார் எபிநெப்ரின் என்பதும் இதுவே. நரம்புகள் செய்தி கடத்த இப்பொருளைப் பயன்படுத்துகின்றன என்பதை 1946ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வான் ஆய்லர் கண்டறிந்தார். 1970ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

அச்சமோ வியப்போ புதுமையோ எதிர்ப்படும்போது, நீலப்புள்ளி விரைந்து தொழிற்படுகிறது. அப்பொழுது சுரக்கும் நார் அட்ரினலின், வேண்டாத ஓசைகளை அடக்கி, வேண்டிய செய்தியைத் தெளிவாக்குகிறது. உணர்ச்சிக்குரிய வாதுமைக் கொட்டை வடிவப் பகுதியையும், நினைவிற்குரிய கடற்குதிரை வடிவப் பகுதியையும் அது தூண்டுகிறது. அதனால் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் வலுப்பெறுகின்றன. அவ்வலுவே நினைவு.

இதனை 1994ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் லாரி கேகில், ஜேம்ஸ் மெக்காஃப் முதலிய அறிஞர்கள் ஓர் ஆய்வால் விளக்கினர். சிறுவன் ஒருவன் விபத்துக்குள்ளாகும் கதையைப் படங்களுடன் பலருக்குக் கூறினர். அவர்களுள் சிலருக்கு நார் அட்ரினலினின் செயலைத் தடுக்கும் மருந்தை முன்னரே கொடுத்திருந்தனர். ஒரு வாரம் சென்றபின் வினவியபோது, மருந்து உண்ணாதவர்கள் விபத்துப் பகுதியை மிக நன்றாக நினைவுகூர்ந்தனர். மருந்து உண்டவர்களுக்கோ, உள்ளத்தை உருக்கும் அப்பகுதியும் ஏனைய பகுதிகளைப் போலவே சாதாரணமாக நினைவிருந்தது.

அங்ஙனமாயின், அச்சம் மிகுந்தால் கல்வியும் மிகுமோ? மிகாது. அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சன்றோ? நார் அட்ரினலின் குறைந்தால் சோர்வும் கவனக் குறைவும் தோன்றும். அளவோடு இருப்பின் கவனம் கூர்மையடையும். மிகுந்தாலோ, சிந்தனைக்குரிய முன்மூளை தடுமாறும். தேர்வு மண்டபத்தில், நன்கு படித்த மாணவனும் வினாத்தாளைக் கண்டவுடன் யாவும் மறந்து திகைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஆகவே, அச்சுறுத்திக் கற்பிப்பது நினைவாற்றலை வளர்க்கும் வழியன்று.

யானையைக் கண்டால்தான் நீலப்புள்ளி விழிக்கும் என்பதில்லை. புதிய பொருளைக் காணும்போதும் அது விழிக்கும். 'இது ஏன்? இது எவ்வாறு?' என ஆர்வத்தோடு வினவிக் கற்பவனது மூளை விழிப்போடு இருக்கும். ஒரே வேளையில் பலர் தொடுக்கும் வினாக்களை உள்ளத்தில் நிறுத்தி விடையளித்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் கலைக்குத் தமிழில் வழங்கும் பெயர் கவனகம் என்பதாகும். நினைவிற்கு வேர் கவனமே என்பதை அப்பெயரே உணர்த்துகிறது.

விழிப்பைப் போலவே உறக்கமும் இன்றியமையாதது. உறக்கத்தில் நீலப்புள்ளி அடங்குகிறது. கனவு காணும் வேளையில் ஏறக்குறைய முற்றிலும் ஓய்கிறது. பகலில் கற்றவை உறுதிப்படுவதும் உறக்கத்திலேயே. இரவெல்லாம் கண்விழித்துப் படிப்பவன், விதைத்த நிலத்தை உடனே கிளறிப் பார்க்கும் உழவனை ஒப்பான்.

ஆர்வத்தோடு கற்றலும், அச்சமின்றி எழுதலும், அளவோடு உறங்கலும் நினைவை நிலைநிறுத்தும் வழிகளாம்.