பழைய மோட்டார் வள்ளத்தைப் புதுக்குதல்

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் இறுதியில் நிற்பது துறை எனப் பொருள்படும் சிங்களச் சொல்லாகும். மகாவலிக்குப் பாலம் அமையாத காலத்தில், கண்டி மாநகருக்கு வடக்கேயிருந்து வருவோர் ஆற்றைக் கடந்த இடங்களுள் இதுவும் ஒன்று. பாலம் வந்தது, துறையின் அலுவல் குறைந்தது. ஆயின் 1976ஆம் ஆண்டில், ஆற்றின் கீழ்ப்புறத்தே பொல்கொல்லையில் அணை கட்டி முடிந்து, மகாவலி நீரின் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பப்பட்ட பின்னர், ஆறு இப்பகுதியில் அகன்று தேங்கலாயிற்று. தேங்கிய நீரைக் கண்டால் அதில் வள்ளம் விட விரும்புவது மனித இயல்பு.

மலைநாடு வள்ளங் கட்டும் நாடன்று. யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருந்தெரு கட்டுகஸ்தோட்டையை ஊடறுத்துச் செல்கின்றது. குருநாகல் வழியே புத்தளம் செல்லும் ஏ-10 தெரு இங்கிருந்து தொடங்குகின்றது. வடகடலிலோ புத்தளம் களப்பிலோ உழைத்து ஓய்ந்த சிறு வள்ளமொன்று மலையேறுவதாயின் இவ்விரு வழிகளுள் ஒன்றால் வருவது இயல்பு. அது பெரும்பாலும் பதினெட்டடி அளவான பைபர் கிளாஸ் வள்ளமாக இருக்கும். மரவள்ளங்களுக்கு ஆண்டுதோறும் கலப்பத்துப் பார்த்துவந்த நம் கரையோர மக்களுக்கு இப்புதுப் பொருளை அறிமுகஞ் செய்தவற்றுள், நோர்வே நாட்டார் துணையுடன் காரைநகரில் நிறுவப்பட்ட சீநோர் வள்ளத்தளம் குறிப்பிடத்தக்கது. வாங்குவோர் வள்ளத்தின் வயதைக் கேட்டறிதல் நன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அவசரமாகக் கட்டப்பட்டவற்றுட் பல தரங்குறைந்தவை என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமே அக்காலத்தில் எச்சரித்தது.

புதிதாக இத்தொழிலில் இறங்குபவர் முதலிற் செய்வது, இயந்திரத்தின் கயிற்றை இழுத்துப் பார்ப்பதாகும். அது கிளம்பிவிட்டால் வள்ளம் நல்லதென்று மகிழ்வார். இம்மகிழ்ச்சி ஆபத்தானது. இயந்திரம் பழுதுற்றால் தன் பழுதைச் சத்தமிட்டுச் சொல்லும். வண்டியின் அச்சும் வள்ளத்தின் பின்பலகையும் அவ்வாறு சொல்வதில்லை.

ஆகவே வண்டியிலிருந்து தொடங்குவோம். வள்ளத்தை ஏற்றும் வண்டி நீருக்குள் இறங்க வேண்டிய வண்டி. நெடுந்தூரம் ஓடிவந்த சக்கரத்தின் குடம் சூடேறியிருக்கும். அதனுள்ளிருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்நிலையில் அதனை ஆற்றில் இறக்கினால், உள்ளிருக்கும் காற்றுச் சடுதியாகக் குளிர்ந்து சுருங்கி, கசிவுத்தடையைக் கடந்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிறீஸ் கெட்டு, பேரிங் துருவேறி, பிறிதொரு நாள் கலகெதரை இறக்கத்திலோ வேறெங்கோ சக்கரம் இறுகிப்போகும், அல்லது கழன்றே ஓடும். பின்னால் வருபவர் பள்ளிப் பிள்ளைகளாயிருப்பின் என்னாவது? பழைய வண்டியின் பேரிங்குகளைச் சோதித்துப் பாராமலே மாற்றிவிடுதல் சிக்கனமே. துறையை அடைந்தபின் குடத்தைக் கையால் தொட்டு, சூடு தணிந்த பின்னரே வண்டியை நீரில் இறக்குதல் வேண்டும்.

வண்டிச் சட்டத்தின் இரும்புக் குழாய்கள் உள்ளிருந்து துருப்பிடிப்பன. வெளிப்பூச்சின் அழகை நம்பாமல் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வருக. ஒலி மங்கும் இடத்திற் குழாய் மெலிந்திருக்கும். வள்ளத்தை ஏற்றியபின், மொத்த எடையிற் பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றுக் குறைவாக, இழுக்கும் வாகனத்தின் கொக்கி மீது அமைய வேண்டும். பாரம் பின்னே மிகுந்தால் வண்டி வாலாட்டத் தொடங்கும். மலைத்தெருவில் அதனை அடக்குதல் அரிது.

அடுத்தது பின்பலகை. இயந்திரத்தின் எடையையும் உந்துவிசையையும் தாங்கும் இப்பகுதி, பல வள்ளங்களில், பைபர் கிளாஸ் உறைக்குள் ஒட்டுப்பலகை வைத்துக் கட்டப்பட்டது. ஆணித்துளைகளின் வழியே நீர் புகுந்து, உறை பளபளப்பாக இருக்கையிலேயே உள்ளிருக்கும் மரம் உக்கிவிடும். மரச்சுத்தியலால் தட்டினால் உறுதியான பலகை கணீரென ஒலிக்கும். உக்கியது பொத்தென ஒலிக்கும். ஐயம் எழின் உட்புறத்தே சிறு துளையிட்டுப் பார்க்கலாம்: ஈரமான கரிய தூள் வெளிவந்தால் பலகையை மாற்றுவதன்றி வேறு வழியில்லை. மேலே பிசின் பூசி மறைத்தல் தன்னைத்தானே ஏமாற்றுவதாகும்.

மாற்றும் முறை பொறுமையை வேண்டுவது. உட்புற உறையை வெட்டி நீக்கி, உக்கிய மரத்தை உளியாற் செதுக்கி எடுத்து, வெளியுறையை நன்கு உலரவிட்டு, நீரைத் தாங்கும் வகை ஒட்டுப்பலகையைப் பிசின் தோய்த்துப் பொருத்தி, அதன்மேல் கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காகப் படிவித்தல் வேண்டும். கண்டிப் பகுதியின் ஐப்பசி, கார்த்திகை மழை இவ்வேலைக்குப் பகை. ஈரத்திற் பிசின் செவ்வனே பிடிக்காது. தை முதலாகப் பங்குனி ஈறாகவுள்ள காலமே உகந்தது. பிசினை இறுகச் செய்யும் திரவம் கண்ணிற் பட்டாற் பார்வையையே கெடுக்கும். அதனை, பிசினுக்கு விரைவூட்டும் கோபால்ட் திரவத்துடன் நேரே கலந்தால் தீயும் வெடிப்பும் நேரும். ஒன்றைப் பிசினில் முற்றாகக் கலந்த பின்னரே மற்றையதைச் சேர்த்தல் வேண்டும். கண்காப்பும் மூக்குக் கவசமும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது.

இயந்திரத்துக்கு இப்பொழுது வரலாம். வள்ளத்தின் வெளியே மாட்டும் இயந்திரத்தை 1909ஆம் ஆண்டில் வணிகப் பொருளாக்கி வெற்றிகண்டவர் ஒலே எவின்றூட். அவரும் நோர்வேயிற் பிறந்து அமெரிக்கா சென்றவரே என்பது சுவையான பொருத்தம். இவ்வியந்திரத்தைக் குளிரச்செய்வது, அடிப்பகுதியிலுள்ள றப்பர்ச் சக்கரமொன்று இறைக்கும் ஆற்றுநீர். ஆண்டுக்கணக்கிற் கிடந்த இயந்திரத்தில் அந்த றப்பர் விறைத்திருக்கும். அதனை மாற்றாமலும், நீரின்றியும், சில விநாடிகளேனும் ஓட்டலாகாது. பற்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்பது பொருள். கடலில் உழைத்த இயந்திரத்தில் அரிப்பைத் தன்மேல் ஏற்கும் துத்தநாகக் கட்டி இருக்கும். நன்னீரில் அதன்மேற் படலம் படிந்து பயனற்றுப்போவதால், ஆற்றுக்கு மகனீசியக் கட்டியே ஏற்றது. நன்னீர் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்ததாகையால் வள்ளம் சற்று அதிகமாக அமிழும் என்பது உண்மையே. எனினும் வேறுபாடு விரற்கடையளவும் இல்லை.

முதல் ஓட்டம் ஓட்டமாக இருத்தலாகாது. வள்ளத்தை வடத்தாற் கரையோடு பிணைத்து, பத்து நிமிடம் இயந்திரத்தை இயக்குக. குளிர்நீர் பின்புறத்தாற் பீறிடுகின்றதா, பின்பலகை அசைகின்றதா, அடியில் நீர் ஊறுகின்றதா என்பவற்றை நோக்குக. கட்டுகஸ்தோட்டையில் இயந்திரம் நின்றுபோன வள்ளம் எங்கே செல்லும் என்பதை மறத்தலாகாது. நீரோட்டம் அதனைப் பொல்கொல்லை அணையை நோக்கியே கொண்டுசெல்லும். மழைக்காலத்தில் வான்கதவுகள் திறந்திருக்கையில் அவ்விடம் மரணவாயில். துடுப்பிரண்டும், நீண்ட கயிற்றோடு கூடிய நங்கூரமும், ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கியும் வள்ளத்தில் ஏறிய பின்னரே வடத்தை அவிழ்த்தல் வேண்டும். முதற் பயணம் அணையிருக்கும் திசைக்கு எதிரே, பேராதனைப் பக்கமாக, ஆற்றை எதிர்த்துச் செல்வதாக அமைக.