தாய்மொழிக்குக் கதவு திறந்த போப்பாண்டவர்

கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவராய் விளங்கிய போப்பாண்டவர் 23ஆம் ஜான், 1963ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வயிற்றுப் புற்றுநோயால் இயற்கை எய்தினார். இத்தாலி நாட்டின் சொத்தோ இல் மோந்தே என்னும் சிற்றூரில், பிறர் நிலத்தைப் பங்குக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் 1881இல் பிறந்தவர் அவர்.

76ஆம் வயதில் 1958இல் பதவியேற்ற அவர், முதுமையைப் பொருட்படுத்தாது, உலகெங்கணுமுள்ள ஆயர்களை அழைத்து 1962இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த பின்னரும் அது 1965 வரை நடந்தது. அதன் பயனாகவே, இலத்தீனில் நடந்துவந்த பூசை வழிபாடு தமிழ் உள்ளிட்ட மக்கள் மொழிகளில் ஒலிக்கலாயிற்று. பொருள் விளங்காது கேட்டுவந்த ஏழை எளியோரும் பொருளுணர்ந்து வேண்டலாயினர்.

மாணவச் செல்வங்களே! விளங்கும் மொழியில் கேட்பதே நெஞ்சில் பதியும். நாம் தமிழில் கல்வி பயில்வதும் இதன் பொருட்டே. ஏழ்மை உயர்வுக்குத் தடையன்று. தாய்மொழி எவர்க்கும் தாழ்வன்று. இவ்விரண்டையும் அப்பெரியாரின் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.