ஒரு பொறியும் பல களங்களும்

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள திரியாயில், கி. பி. 7 அல்லது 8ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் பாறைச் சாசனம் ஒன்றுண்டு. அதன் மொழி வடமொழி. எழுத்தோ பல்லவ கிரந்தம். அம்மொழி வேறு நாடுகளில் வேறு எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டது. பொருள் ஒன்றாயிருக்க, அதனைத் தாங்கும் வடிவம் களத்துக்கேற்ப மாறலாம் என்பது இதனாற் பெறப்படும். கணினி விளையாட்டுப் பொறி, அஃதாவது கேம் எஞ்சின், இத்தத்துவத்தின் மீதே எழுந்ததாகும்.

ஒவ்வொரு வகைச் செயலிக்கும் தனித்தனிக் கட்டளைத் தொகுதி உண்டு. ஆதலின் ஒன்றுக்கென எழுதிய விளையாட்டு மற்றொன்றில் இயங்காது. இவ்விடர்ப்பாட்டினை அமெரிக்காவில் 1979இல் தோன்றிய இன்ஃபோகாம் நிறுவனத்தார் நுட்பமாகத் தீர்த்தனர். 'இசட் மெஷின்' என்னும் கற்பனைக் கணினியொன்றை வகுத்து, 'சோர்க்' முதலிய விளையாட்டுக்களை அதற்கெனவே எழுதினர். மெய்யான கணினி ஒவ்வொன்றுக்கும் ஒரு மொழிபெயர்ப்பு நிரல் மாத்திரமே வேண்டியிருந்தது. பத்து விளையாட்டுக்களை ஆறு கணினிகளுக்குத் தனித்தனியே எழுதின் அறுபது பணிகள். இம்முறையிற் பதினாறே போதும். பிரான்சு நாட்டினரான எரிக் சாயி 1991இல் வெளியிட்ட 'அனதர் வேர்ல்ட்' விளையாட்டும் இவ்வழியே சென்றது.

எனினும் இடையில் நின்று மொழிபெயர்ப்பது வேகத்தைக் குறைக்கும். வினாடிக்கு 60 படங்கள் வரைய வேண்டின், ஒரு படத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி வினாடியே. ஆகவே இக்காலப் பொறிகளின் பெரும்பகுதி சி++ போன்ற மொழியில் ஒரு முறை எழுதப்பட்டு, ஒவ்வொரு களத்தின் கட்டளைகளாகவும் முன்னரே மாற்றப்படுகின்றது. வரைதல், ஒலி, உள்ளீடு ஆகிய அடித்தளப் பகுதிகளே களந்தோறும் வேறாக எழுதப்படுவன. வரைதற்கு விண்டோசில் டைரக்ட்3டி, ஆப்பிள் கருவிகளில் மெட்டல், ஆண்ட்ராய்டில் வல்கன் என்பன பயன்படுகின்றன.

இவ்வொருமைப்பாடு தமிழுக்கு ஓர் இடையூற்றையும் விளைத்தது. 'கெ' என்னும் எழுத்து நினைவகத்தில் ககரம் முன்னும் கொம்பு பின்னுமாக வைக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னே வருதல் வேண்டும். இயக்கமுறைமைகள் இம்மாற்றத்தைத் தாமே செய்கின்றன. ஆனால் எல்லாக் களங்களிலும் ஒரே தோற்றம் வேண்டி, விளையாட்டுப் பொறி எழுத்துக்களைத் தானே வரைகின்றது. அப்பொறி இவ்விதியை அறியாதாயின், தமிழ் எங்கும் ஒருபடித்தாகவே சிதைந்து தோன்றும்.

ஆர்ஜென்டினாவைச் சேர்ந்த ஜுவான் லினியெட்ஸ்கி, ஏரியல் மன்சூர் என்போர் தோற்றுவித்து, 2014இல் யாவர்க்கும் திறந்து வைக்கப்பட்ட கோடோ என்னும் பொறி, இக்குறையை 2023இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் நீக்கிற்று. 'ஹார்ஃப்பஸ்' என்னும் எழுத்தமைப்பு நிரல் அதனுட் சேர்க்கப்பட்டமையே காரணம்.

பல களங்களுக்குப் பொதுவாதல் என்பது வேற்றுமைகளை மறத்தலன்று. அவற்றை அறிந்து, உரிய இடத்தில் அமைத்தலேயாகும். அவ்வாறு அமைத்த பொறியிலேதான் தமிழ்ப் பிள்ளைகள் தம் மொழியைப் பிழையின்றிக் கண்டு விளையாட இயலும்.